மூன்று கரண்டி

எலியோதோரோ மாத்தேயில் மூன்று கரண்டி சர்க்கரை போடுகிறான்.
நான் கசப்பாகக் குடிப்பவள்.

கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.
எனக்கு ஐம்பத்தெட்டு, அவனுக்கு அறுபத்தொன்று.
காஸ்த்ரோ பதிவு அலுவலகத்தில்
கையெழுத்துப் போட்ட அன்று மழை என்று சொல்லலாம்,
ஆனால் சிலோயே தீவில்
மழையை வைத்து எந்த நாளையும் அடையாளம் சொல்ல முடியாது.

ஒரே சுரைக்குடுவை, ஒரே குழல்.
அவன் உறிஞ்சி முடித்து, வெந்நீர் ஊற்றி நீட்டுவான்;
நான் உறிஞ்சி முடித்துத் திருப்பித் தருவேன்.
நடுவில் யாராவது நன்றி என்று சொன்னால்
போதும், இனி வேண்டாம் என்று அர்த்தம்.
குழந்தைக்கும் தெரிந்த கணக்கு இது.
மரியாதைக்குக்கூட நன்றி சொல்ல முடியாத பானம்.

முதலில் மறதி என்று நினைத்தேன்.
பிறகு அலட்சியம் என்று.
எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்று
வாய்விட்டே சொன்னேன் ஒருநாள்.
தலையாட்டினான். மறுநாளும் மூன்று.
உம்பெர்த்தோ இருந்தால், என்று தொடங்கும் வாக்கியத்தை
விறகோடு சேர்த்து அடுப்புக்குள் தள்ளினேன்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை.
உம்பெர்த்தோ கடலுக்குப் போன இருபத்தாறு வருஷமும்
அவன் வந்து சேரும்வரை
சமையலறை ஜன்னலில் விளக்கெரியும்.
எனக்குத் தெரிந்த முத்தம் அதுதான்.
எலியோதோரோவுக்குச் சால்மன் பண்ணையில் இரவுக் காவல்.
அவனுக்கும் ஏற்றிவைத்தேன், முதல் வாரமே.
படகுத்துறையிலிருந்து ஓடி வந்திருக்கிறான்.
பூட்ஸ் நிறையச் சேறு, முகத்தில் ரத்தமில்லை.
"என்ன ஆச்சு?"
ஒன்றும் ஆகவில்லை என்றேன்.
"ஒன்றும் ஆகவில்லையென்றால் எதற்கு வெளிச்சம்?"
கோபமாக அணைத்தான்.
இருட்டில் இரண்டு பேரும் அவரவர் பக்கம் படுத்தோம்.

உருளைக்கிழங்கு தோண்டும் நாளில்
எர்சிலியா சொன்னாள். அவனுடைய முதல் மனைவியின் தங்கை.
"கடைசி வருஷம் ரொசால்பாவுக்கு எதுவும் தங்காது.
மாத்தே மட்டும் இறங்கும், அதுவும் மூன்று கரண்டி போட்டால்.
காவல் முடிந்து வருகிறவன்
தூரத்திலேயே ஜன்னலைப் பார்ப்பானாம்.
வெளிச்சம் தெரிந்தால் அன்று வலி என்று அர்த்தம்."
சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.
நான் ஒரு கிழங்கை மண் போகத் துடைத்துக்கொண்டே இருந்தேன்,
தோல் உரியும்வரை.

எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.
என் தம்பி இறந்த செய்தி வந்த மத்தியானம்
அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.
ஏணியை எடுத்துக் கூரையில் ஏறி
என் கட்டிலுக்கு நேர்மேலே ஒழுகும் இடத்தில்
புதுப் பலகை அடித்தான்.
கீழே நான் அழ, மேலே அவன் அடிக்க.
ஒழுகல் நின்றது, உண்மைதான்.
ஆனால் எனக்குத் தோளில் ஒரு கை வேண்டியிருந்தது.
கேட்டிருக்கலாம் என்பாள் எர்சிலியா.
கேட்டு வாங்கினால் அது கையாக மட்டும்தானே இருக்கும்?
இதில் இன்றுவரை எனக்குச் சமாதானமில்லை.

நேற்றிரவு விளக்கை அணைத்தே வைத்திருந்தேன், அவனுக்காக.
விடியலில் வந்தவன்
மேசைக்காலில் முழங்காலை இடித்துக்கொண்டான்.
"ஒரு விளக்கு வைக்கக் கூடாதா இந்த வீட்டில்?"
போர்வைக்குள் சிரித்தேன்.
கட்டில் குலுங்கியதில் கண்டுபிடித்துவிட்டான்.
கொஞ்ச நேரம் நொண்டிக்கொண்டு நின்றான்.
பிறகு அவனும்.

இப்போது தண்ணீர் சூடாகிறது.
கொதிக்குமுன் இறக்குகிறான்.
ஒன்று, இரண்டு,
மூன்றாவது கரண்டியில் கை ஒரு கணம் நிற்கிறது,
ஏதோ ஞாபகம் வந்தாற்போல.
பார்க்காததுபோல் ரொட்டியை வெட்டுகிறேன்.
போட்டுவிட்டான்.
பல் கூசுகிறது.
குழலைத் துடைக்காமல் திருப்பித் தருகிறேன்.
நன்றி சொல்லவில்லை.